எம்.டி. படிப்பும் உலக நலவாழ்வும்: பேரணாம்பட்டிலிருந்து ஒரு கேள்வி

கேள்வி: நான் குடியாத்தத்தைச் சேர்ந்தவள், வயது 27. எம்.பி.பி.எஸ். முடித்துவிட்டுப் பேரணாம்பட்டு வட்டாரத்தில் ஓர் ஆரம்ப சுகாதார நிலையத்தில் உதவி மருத்துவராகப் பணியாற்றுகிறேன். இன்னும் சில மாதங்களில் இரண்டாண்டுப் பணி நிறைவடைகிறது. பொது மருத்துவத்திலோ குழந்தை மருத்துவத்திலோ எம்.டி. படிக்க வேண்டும், கூடவே ‘குளோபல் ஹெல்த்’ எனப்படும் உலக நலவாழ்வுத் துறையிலும் பயிற்சி பெற வேண்டும் என்பது என் விருப்பம். அமெரிக்காவில் இரண்டையும் ஒன்றாகத் தரும் நான்காண்டு ரெசிடென்சி, அதாவது மருத்துவமனையில் பணியாற்றியபடியே பெறும் பட்டமேற்படிப்புப் பயிற்சி, இருப்பதாக அறிகிறேன். அதற்கு முயல்வதா, இங்கேயே எம்.டி. சேர்வதா, அல்லது முதலில் லண்டனில் ஓராண்டு எம்.பி.எச். (பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பு) முடித்துவிட்டு வருவதா? அப்பா கைத்தறி நெசவாளர். எனக்காகக் கடன் வாங்க அவர் தயங்கவில்லை, எனக்குத்தான் தயக்கம். இன்னொன்றையும் எழுதிவிடுகிறேன். போன கார்த்திகையில் காய்ச்சலோடு வந்த ஒரு பெண்ணுக்கு இரண்டு முறை மாத்திரை கொடுத்து அனுப்பினேன். மூன்றாம் முறை, ஏழாம் நாள், மூச்சிரைப்போடு வந்தபோது 108 ஆம்புலன்சில் வேலூருக்கு அனுப்பிவைத்தேன். அங்கிருந்த பி.ஜி. மாணவர் பாவாடை நாடா இறுக்கும் இடத்தில் கருகிய புண் ஒன்றைக் கண்டு, உண்ணிக் காய்ச்சல் என்று சொன்னாராம். அந்தப் பெண் பிழைத்துக்கொண்டார். நான் அந்த இடத்தைப் பார்க்கவே இல்லை. உள்ளூர் நோயையே தவறவிட்ட நான் உலகத்தைப் பற்றிப் பேசலாமா என்றும் தோன்றுகிறது.

பதில்:

அன்புள்ள டாக்டருக்கு,

உங்கள் கடிதத்தின் கடைசிப் பகுதியிலிருந்தே தொடங்குகிறேன், ஏனென்றால் மற்ற மூன்று கேள்விகளுக்கும் உரிய விடை அதற்குள்தான் இருக்கிறது என்று நினைக்கிறேன். உண்ணிக் காய்ச்சலின் கருகிய புண்ணைத் தவறவிடாத மருத்துவர் வட ஆற்காட்டில் யாரும் இருக்க முடியாது. கடுகைவிடச் சிறிய உண்ணியின் இளம்புழு கடித்த இடம் நோயாளிக்கு வலிப்பதுமில்லை, அரிப்பதுமில்லை. அது இருக்கும் இடமோ அக்குள், மார்பின் அடிப்பகுதி, தொடையிடுக்கு, நாடாவோ அரைஞாணோ அழுத்தும் இடுப்பு மடிப்பு என்று, கேட்டாலும் காட்டத் தயங்கும் இடங்கள். போதாக்குறைக்கு, கணிசமான நோயாளிகளுக்குப் புண்ணே இருப்பதில்லை. எனவே நீங்கள் தவறவிட்டதில் வியப்பில்லை. அதை ஏன் தவறவிட்டோம் என்று நீங்கள் இன்னும் கேட்டுக்கொள்ளாததுதான் எனக்குக் குறையாகப் படுகிறது.

உங்கள் நிலையத்தின் காலை ஓ.பி.யை என்னால் இங்கிருந்தே பார்க்க முடிகிறது. வரிசை வராந்தாவைத் தாண்டி வேப்பமரம் வரை நிற்கும். மேசைக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ஸ்டூல். நோயாளியின் தோளுக்குப் பின்னால் அடுத்த இருவர் சீட்டை நீட்டியபடி நிற்பார்கள். மருந்து கொடுக்கும் ஜன்னல் கை எட்டும் தூரத்தில். படுக்க வைத்துப் பார்க்கும் மேசை உண்டு, ஆனால் அதன்மேல் பதிவேடுகள் அடுக்கியிருக்கும்; அதைச் சுற்றித் திரை இருந்த கம்பி மட்டும் மிச்சமிருக்கும். அந்த இடத்தில் முப்பது வயதுப் பெண்ணிடம் நாடாவைத் தளர்த்தச் சொல்ல எந்த மருத்துவருக்கும் வாய் வராது, சொன்னாலும் அந்தப் பெண் செய்யமாட்டார். இதையே சற்று நிதானமாகக் கேட்டுப் பார்த்தால், நம் ஆரம்ப சுகாதார நிலையங்களுக்குக் காய்ச்சலோடு வரும் ஆண்களுக்கும் பெண்களுக்கும் ஒரே அளவான பரிசோதனை நடக்கிறதா, நடக்கவில்லை என்றால் அதனால் எத்தனை நாள் தாமதமாகிறது, அந்தத் தாமதம் எத்தனை பேரை மூச்சிரைப்புக்கும் சிறுநீரகச் செயலிழப்புக்கும் கொண்டுபோய் விடுகிறது என்றெல்லாம் கேள்விகள் கிளம்பும். உலக நலவாழ்வு என்று பெரிய பெயரிட்டுப் பயிற்றுவிக்கப்படுவதன் உள்ளடக்கம் பெரும்பாலும் இவ்வகைக் கேள்விகள்தான். நோயை அறிவதற்குப் பொது மருத்துவம் வேண்டும்; அந்த அறிவு யாருக்குப் போய்ச் சேராமல் நிற்கிறது, எங்கே நிற்கிறது என்று எண்ணிப் பார்ப்பதற்கு மற்றது வேண்டும். இரண்டையும் இணைப்பது எப்படி என்று கேட்டு எழுதியிருக்கிறீர்கள். இணையும் இடம் ஒன்றை உங்கள் நிலையத்திலேயே கண்டும் இருக்கிறீர்கள்.

இனி அமெரிக்காவைப் பற்றி. நீங்கள் குறிப்பிடுவது பாஸ்டனில் பிரிகம் அண்ட் விமன்ஸ் மருத்துவமனையில் 2004-இல் தொடங்கப்பட்ட பயிற்சியாக இருக்க வேண்டும். அங்கே உள்மருத்துவ (நம் பொது மருத்துவம்தான்) ரெசிடென்சி வழக்கமாக மூன்று ஆண்டு. இந்தப் பயிற்சியில் அதை நான்காக நீட்டி, வார்டுப் பணியோடு வெளிநாட்டுக் களத்தில் கழிக்கும் மாதங்களையும், ஹார்வர்டில் பொதுச் சுகாதார முதுநிலைப் படிப்பையும் சேர்த்தார்கள். ஹைட்டியின் மலைக் கிராமங்களில் காசநோய்க்கும் எச்.ஐ.வி.க்கும் வீடு தேடிச் சென்று சிகிச்சை தந்த பால் ஃபார்மரும் அவருடைய நண்பர்களும் 1987-இல் உருவாக்கிய பார்ட்னர்ஸ் இன் ஹெல்த் அமைப்பின் அனுபவம் அதற்குப் பின்னால் இருக்கிறது. உண்மையிலேயே நல்ல பயிற்சி. அதை நான் குறைத்துச் சொல்லப் போவதில்லை. ஆனால் அதில் சேரும் இடங்கள் ஒரு கை விரல்களுக்குள் அடங்குபவை.

மற்றப் பல மருத்துவமனைகளில் ‘குளோபல் ஹெல்த் டிராக்’ என்று விளம்பரம் செய்யப்படுவது வேறு வகை. மாதம் ஒரு மாலை வகுப்பு, ஒரு சிறு ஆய்வு, மூன்றாண்டில் சில வாரங்கள் ஆப்பிரிக்காவிலோ தென்னமெரிக்காவிலோ ஆசியாவிலோ ஒரு மருத்துவமனைக்குச் சென்று வருதல், இவ்வளவுதான் பலவற்றில் இருக்கிறது. அந்த வாரங்கள் ஏன் இவ்வளவு குறுகலாக இருக்கின்றன என்பதற்கு மிகச் சாதாரணமான ஒரு காரணம் உண்டு. அமெரிக்க ரெசிடென்சிப் பயிற்சிக்கு மருத்துவமனைகள் பெறும் பணத்தில் பெரும் பங்கு மெடிகேர் என்னும் அரசுக் காப்பீட்டிலிருந்து வருகிறது. மருத்துவர் நாட்டுக்கு வெளியே கழிக்கும் நாட்களை அது கணக்கில் சேர்ப்பதில்லை. அந்த வாரங்களின் சம்பளத்தை மருத்துவமனை வேறு எங்கிருந்தாவது புரட்ட வேண்டும். ஆகவே எந்தப் பயிற்சியிடத்தின் நேர்காணலிலும் நீங்கள் கேட்க வேண்டிய முதல் கேள்வி, ‘வெளிநாட்டில் இருக்கும் மாதங்களுக்கு என் சம்பளத்தை யார் தருகிறார்கள்’ என்பதுதான். தெளிவான பதில் வந்தால் அங்கே உண்மையான பயிற்சி இருக்கிறது என்று கொள்ளலாம்.

உங்களுக்கு வேறொரு சிக்கலும் உண்டு. உங்களைப் போல அமெரிக்காவுக்கு வெளியே எம்.பி.பி.எஸ். படித்தவர்கள் பெரும்பாலும் பயிற்சிக்கு வருவோருக்கான ஜே-1 விசாவில்தான் ரெசிடென்சி செய்கிறார்கள். பயிற்சி முடிந்ததும் இரண்டாண்டு தாய்நாட்டில் இருந்துவிட்டுத்தான் வேலைக்கான விசாவோ குடியுரிமைக்கான வழியோ தேட முடியும். இல்லையேல் அங்கேயே மருத்துவர் பற்றாக்குறையுள்ள பகுதியில் மூன்றாண்டு பணியாற்றி விலக்குப் பெற வேண்டும். பெரும்பாலோர் இரண்டாவது வழியில் போகிறார்கள். தவறில்லை, அங்கேயும் ஏழைகள் இருக்கிறார்கள். ஆனால் தேர்வுகளுக்கும் அனுபவக் கடிதங்களுக்கும் இரண்டாண்டு, ரெசிடென்சிக்கு மூன்றோ நான்கோ, விலக்குக்கு மூன்று என்று கூட்டிப் பாருங்கள். நீங்கள் பேரணாம்பட்டைத் திரும்பிப் பார்க்கும்போது வயது 35-ஐத் தாண்டியிருக்கும். அங்கே மருத்துவராக உரிமம் பெறுவதற்கான யு.எஸ்.எம்.எல்.இ. தேர்வு ஒவ்வொன்றுக்கும் சுமார் ஆயிரம் டாலர் கட்டணம். 2022 ஜனவரியிலிருந்து முதல் கட்டத் தேர்வுக்கு மதிப்பெண் கிடையாது, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே என்பதால், பெயர் தெரியாத கல்லூரியிலிருந்து அதிக மதிப்பெண் எடுத்து முன்னுக்கு வரும் பழைய வழியும் பாதி அடைபட்டுவிட்டது. ஒரு நெசவாளரின் கடனை வைத்து இறங்கத்தக்க ஆட்டமாக எனக்கு இது தோன்றவில்லை. அமெரிக்காவிலேயே வாழ்ந்து பணியாற்ற வேண்டும் என்ற ஆசை தனியாக இருந்தால் கணக்கு வேறு. அதை ஒளிக்காமல் உங்களுக்கு நீங்களே சொல்லிக்கொள்ளுங்கள். அந்த ஆசையில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

உங்களுக்குத் தெரிந்திருக்கும், அந்த நாடுகளின் மருத்துவ மாணவர்கள் ஆண்டுதோறும் காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கி நம் வேலூருக்கு வருகிறார்கள். பாகாயத்தில் உள்ள சி.எம்.சி.யின் ‘சாட்’ சமூக மருத்துவமனையிலும், கே.வி. குப்பம் வட்டாரத்தில் 1977 முதல் இயங்கும் ‘ருஷா’ கிராம நலவாழ்வு மையத்திலும், தொழுநோய்க்கென 1955-இல் தொடங்கிய கரிகிரியிலும் பார்த்துக் கற்றுக்கொண்டு போகிறார்கள். அவர்கள் விமானமேறி வந்து பார்ப்பது நமக்கு அன்றாட ஓ.பி. இதைச் சொல்வதனால் வெளியே போகவே வேண்டாம் என்று நான் சொல்வதாக எடுத்துக்கொள்ள வேண்டாம். போகும்போது கையில் என்ன இருக்க வேண்டும் என்பதைத்தான் சொல்ல வருகிறேன், அதை நான் பட்டுத் தெரிந்துகொண்டேன்.

எம்.டி. முடித்த கையோடு, ஆறு வாரம் மலாவியில் ஒரு மாவட்ட மருத்துவமனைக்குச் சென்றேன். அங்கே எம்.பி.பி.எஸ். படிக்காத, மூன்றாண்டுப் பயிற்சி பெற்ற ‘கிளினிகல் ஆபீசர்’கள்தாம் மருத்துவத்தின் முதுகெலும்பு, சிசேரியன் கூட அவர்களே செய்வார்கள். ஓர் இரவு, மலேரியா முற்றிய மூன்று வயதுக் குழந்தையைத் தாய் தோளில் தூக்கிக்கொண்டு வந்தாள். நான் ரத்த வாயு அளவு, எலக்ட்ரோலைட், எக்ஸ்ரே என்று கேஸ் ஷீட்டில் வரிசையாக எழுதிக்கொண்டிருந்தேன். பணியிலிருந்த கிளினிகல் ஆபீசர் குழந்தையின் உள்ளங்கையை விரித்துத் தன் உள்ளங்கையோடு சேர்த்து விளக்கடியில் பிடித்தார். கீழிமையை இழுத்து, ரத்தசோகை உண்டா என்று பார்த்தார். மூச்சை ஒரு நிமிடம் முழுதாக எண்ணினார். பிறகு வெளியே போய், உடன் வந்தவர்களில் தாயின் தம்பியைத் தேர்ந்து, ரத்தம் எடுக்கும் அறைக்கு நடத்திக்கொண்டு போனார். நான் எழுதி முடிப்பதற்குள் ரத்தம் ஏறத் தொடங்கியிருந்தது. அந்த ஆறு வாரங்களில் அந்த மருத்துவமனைக்கு என்னால் விளைந்தது, ஒரு கூடுதல் ஆளுக்குச் சமைத்த செலவுதான். என்னை யாரும் குறை சொல்லவில்லை. விருந்தாளியைக் குறை சொல்வது அங்கேயும் வழக்கமில்லை. நான்காண்டு கழித்து, பாம்புக்கடிக்கும் பூச்சிமருந்து நஞ்சுக்கும் மருத்துவம் பார்த்துக் கை பழகிய பிறகு, வேறோர் ஆப்பிரிக்க நாட்டுக்கு இரண்டாண்டு ஒப்பந்தத்தில் சென்றேன். அப்போதுதான் நான் போனதில் அவர்களுக்கும் பயன் இருந்தது. வருகையாளர்களால் உள்ளூர்க்காரர்களுக்கு நேரும் இந்தச் சுமையைப் பற்றி 2010-இல் ஒரு பன்னாட்டுப் பணிக்குழு நெறிமுறைகளே வகுத்து வெளியிட்டது. அதைப் படித்தபோது என்னைப் பற்றியே எழுதியதுபோல் இருந்தது.

முதலில் எம்.பி.எச். படிப்பதா என்று கேட்டீர்கள். வேண்டாம். ஓராண்டில் புள்ளியியலும் தொற்றுநோயியலும் கொள்கையும் வேகவேகமாகக் கடந்து போகும். அவற்றைப் பொருத்திப் பார்க்க உங்களிடம் சொந்தமாக ஒரு கேள்வியும், அதற்கான தரவும் இல்லாவிட்டால், சான்றிதழ் கிடைக்கும், கை பழகாது. என் ஆலோசனை இங்கேயே எம்.டி. சேர்வது, அந்த மூன்றாண்டுகளுக்குள் உலக நலவாழ்வின் அடிப்படைப் பயிற்சியை நீங்களே ஏற்பாடு செய்துகொள்வது, முறையான பட்டமோ வெளிநாட்டுக் களமோ அதற்குப் பிறகு. இதைக் கேட்டால் உங்கள் அப்பாவும் நிம்மதியாகத் தூங்குவார் என்பது கூடுதல் லாபம்.

எம்.டி.க்குள் அதற்கு இடம் எங்கே இருக்கிறது என்று கேட்பீர்கள். பெரிய இடம் தீசிஸ். நம்மில் பெரும்பாலோர் அதைப் பாழாக்குகிறோம், நானும் பாழாக்கினேன். துறைத் தலைவர் கொடுத்த தலைப்பில், பக்கவாத நோயாளிகள் நூறு பேரின் கொழுப்பளவைத் தொகுத்து, பைண்டு செய்து கொடுத்துவிட்டு, அதன்பின் அந்தப் புத்தகத்தைத் திறந்ததே இல்லை. இதற்கு நேர்மாறான ஓர் உதாரணம் சென்னையிலேயே உண்டு. 1985-86-இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் நுண்ணுயிரியல் பட்டமேற்படிப்பு மாணவியாக இருந்த செல்லப்பன் நிர்மலா, பேராசிரியர் சுனிதி சாலமனின் யோசனைப்படி, இந்தியாவில் எய்ட்ஸ் இருக்கிறதா என்பதையே தம் ஆய்வேட்டுத் தலைப்பாக எடுத்துக்கொண்டார். அன்று அந்தக் கேள்வியைக் கேட்டாலே சிரிப்பார்கள். பாலியல் தொழிலில் தள்ளப்பட்டுக் காப்பகத்தில் அடைக்கப்பட்டிருந்த பெண்களிடம் ரத்த மாதிரிகளைத் தாமே சேகரித்தார். சென்னையில் பரிசோதனை வசதி இல்லாததால், அவற்றைப் பனிக்கட்டிப் பெட்டியில் வைத்து, கணவரோடு காட்பாடிக்கு ரயிலேறி வேலூர் சி.எம்.சி.க்குக் கொண்டுவந்தார். ஆறு மாதிரிகளில் எச்.ஐ.வி. இருப்பது தெரியவந்தது. இந்தியாவில் அந்த நோய் கண்டறியப்பட்டது இப்படித்தான், ஒரு பி.ஜி. மாணவியின் தீசிஸில். அவர் அதற்காக எந்த ‘டிராக்’கிலும் சேரவில்லை.

நம் மாவட்டத்தில் இவ்வகை மரபு பழையது. குழந்தை மருத்துவம் படித்துப் பின் வைரஸ் இயலுக்குச் சென்ற ஜேக்கப் ஜான், வேலூர்க் குழந்தைகளுக்கு மூன்று தவணை போலியோ சொட்டு மருந்து கொடுத்தும் பலருக்கு எதிர்ப்பாற்றல் உருவாகவில்லை என்று 1972-இலேயே எழுதினார். மேலை நாடுகளின் அட்டவணை இங்கே போதாது என்பதை உலகம் ஏற்றுக்கொள்ளப் பல்லாண்டு பிடித்தது. பின்னர் அவர் உள்ளிட்டோர் வட ஆற்காட்டில் அமைத்த ‘NADHI’ என்னும் நோய்க் கண்காணிப்பு முறையில், மாவட்ட மருத்துவர்கள் குறிப்பிட்ட சில நோய்களைக் கண்டால் ஓர் அஞ்சலட்டையில் எழுதிப் போட வேண்டும். வந்த அட்டைகளைத் தொகுத்த செய்தி மடல் ஒவ்வொரு மருத்துவருக்கும் திரும்பிப் போகும். அஞ்சலட்டைதான் கருவி, அதை லான்செட் மருத்துவ இதழ் 1998-இல் வளரும் நாடுகளுக்கான ஒரு முன்மாதிரியாக வெளியிட்டது. அண்மைக்கு வந்தால், கடும் உண்ணிக் காய்ச்சலுக்கு டாக்சிசைக்ளின், அசித்ரோமைசின் என்னும் நுண்ணுயிர்க்கொல்லிகள் இரண்டில் ஒன்றை மட்டும் கொடுப்பதைவிட இரண்டையும் நரம்புவழி சேர்த்துக் கொடுத்தால் ஏழாம் நாளில் நீடிக்கும் சிக்கல்கள் குறைகின்றன என்று 2023-இல் நிறுவிய ஆய்வும் வேலூரிலிருந்து வழிநடத்தப்பட்டு இந்தியாவின் ஏழு மருத்துவமனைகளில் நடந்ததே. உங்கள் நோயாளியைக் காப்பாற்றிய அந்த பி.ஜி. மாணவர் இந்த மரபில் வந்தவர். நீங்களும் அதில்தான் வரப் போகிறீர்கள்.

ஆகவே பொது மருத்துவம் கிடைத்தால், தலைப்பை நீங்களே கொண்டுபோங்கள். உண்ணிக் காய்ச்சலோடு மருத்துவக் கல்லூரியில் சேரும் ஒவ்வொருவரிடமும், காய்ச்சல் தொடங்கிய நாள், அதன்பின் சென்ற மருத்துவமனைகளும் கிளினிக்குகளும், எங்காவது படுக்கவைத்து உடல் முழுதும் பார்த்தார்களா, எந்த நாளில் டாக்சிசைக்ளின் தொடங்கியது என்பவற்றைக் கேட்டு, ஆண் பெண் வேறுபாட்டோடு ஒப்பிட்டுப் பாருங்கள். கருவிச் செலவு கிடையாது. ஆனால் காலக் கணக்கில் கவனம் வேண்டும். இந்த நோய் மழைக்குப் பின்னர்த் தலைதூக்கித் தை வரை நிற்கும். தீசிஸ் திட்டத்தை முதல் ஆறு மாதங்களுக்குள் எழுதி, நெறிமுறைக் குழுவின் ஒப்புதலை ஆடிக்குள் வாங்கிவிட்டால் இரண்டு பருவங்கள் கிடைக்க வாய்ப்புண்டு. ஒப்புதல் மார்கழிக்குத் தள்ளிப்போனால் ஒரு பருவத்தையே இழப்பீர்கள், அதோடு எண்ணிக்கையும் போதாமல் போகும். என்னிடம் படித்த மாணவர்கள் பலருக்கு இப்படி நேர்ந்திருக்கிறது. அறிவுக் குறைவால் அன்று, நாட்காட்டியைப் பார்க்காததால்.

அடுத்தது மாவட்ட ரெசிடென்சித் திட்டம். 2021-இல் சேர்ந்தவர்களிலிருந்து, எம்.டி., எம்.எஸ். படிப்பவர் ஒவ்வொருவரும் மூன்று மாதங்கள் மாவட்ட மருத்துவமனை அமைப்பில் பணியாற்ற வேண்டும் என்பது விதி. பலர் அதை லீவு எடுக்கத் தோதான காலமாக நினைக்கிறார்கள். நீங்கள் அந்த மூன்று மாதங்களுக்கும் முன்கூட்டியே மருத்துவ இணை இயக்குநரைப் பார்த்து, தொற்றாநோய்ப் பிரிவு, காசநோய்ப் பிரிவு, மருந்துக் கிடங்கு ஆகியவற்றில் சில நாட்களாவது உட்காரக் கேளுங்கள். ஒரு மாவட்டத்துக்கு டாக்சிசைக்ளின் எந்தக் கணக்கில் வருகிறது, எந்த மாதத்தில் தீர்கிறது என்பதை எந்த எம்.பி.எச். வகுப்பும் உங்களுக்கு இவ்வளவு தெளிவாகக் காட்டாது.

அரசுப் பணியில் இருப்பது உங்களுக்குப் பலம். தமிழ்நாட்டில் பட்டமேற்படிப்பின் மாநில ஒதுக்கீட்டு இடங்களில் 50 விழுக்காடு அரசு மருத்துவர்களுக்கென்று உண்டு. மாநிலங்களுக்கு அவ்வாறு ஒதுக்க அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 2020 ஆகஸ்டில் சொல்லிவிட்டது. ஆனால் இதில் ஒரு முடிச்சு இருக்கிறது. நீங்கள் இப்போது இருப்பது பொதுச் சுகாதாரத் துறை இயக்குநரகம். எம்.டி. முடித்தால் வழக்கமாக மருத்துவப் பணிகள் இயக்குநரகத்துக்கோ மருத்துவக் கல்வி இயக்குநரகத்துக்கோ போய்விடுவீர்கள். அதாவது, காய்ச்சலை வார்டில் பார்ப்பவர் ஒரு துறை, கிராமத்தில் எண்ணுபவர் வேறு துறை. 1939-இலேயே பொதுச் சுகாதாரச் சட்டம் கண்ட மாகாணம் இது. தனிப் பொதுச் சுகாதாரத் துறை இருப்பது நமக்குப் பெருமைதான். ஆனாலும் இரண்டு துறைகளுக்கும் நடுவே நிற்க விரும்புபவருக்கு இன்றும் நாற்காலி இல்லை. நீங்களே ஸ்டூல் போட்டுக்கொண்டுதான் உட்கார வேண்டும். பணியில் தொடர்வதற்கான ஒப்பந்தத்தில் கையெழுத்திடும் முன், பின்னாளில் வெளிநாட்டுப் பயிற்சிக்கு விடுப்பும் தடையில்லாச் சான்றும் எந்த விதியின்கீழ்க் கிடைக்கும் என்று அலுவலகக் கண்காணிப்பாளரிடம் எழுத்து வடிவில் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். வாய்வார்த்தையை நம்ப வேண்டாம்.

பொது மருத்துவமா குழந்தை மருத்துவமா என்பதை நான் முடிவு செய்ய முடியாது. உலக நலவாழ்வுக்கு எது ஏற்றது என்று பார்த்து மட்டும் தேர்ந்தெடுக்காதீர்கள். எந்தத் துறையும் ஏற்றதே. ஐந்நூறு கோடிப் பேருக்குப் பாதுகாப்பான அறுவைச் சிகிச்சையும் மயக்க மருந்தும் எட்டாத நிலை இருக்கிறது என்று 2015-இல் லான்செட் ஆணையம் கணக்கிட்டது, ஆனால் மயக்க மருந்தியல் படித்து உலக நலவாழ்வுக்குப் போகிறேன் என்று சொல்லும் மாணவரை நான் இதுவரை சந்திக்கவில்லை. விடியற்காலை மூன்று மணிக்குப் பச்சிளங்குழந்தையின் கையில் ஊசிக்கு நரம்பு தேடுவது உங்களுக்கு எரிச்சலைத் தருமா, அல்லது ஏழாவது முறையாக இன்சுலினை நிறுத்திவிட்டு வந்த பெரியவருக்கு எட்டாவது முறையாக எடுத்துச் சொல்வது எரிச்சலைத் தருமா? குறைவாக எரிச்சல் தருவதைத் தேர்ந்தெடுங்கள். முப்பது ஆண்டு அதைத்தான் செய்யப் போகிறீர்கள்.

எம்.டி. முடித்த பின் வழிகள் பல. லண்டனிலோ லிவர்பூலிலோ வெப்பமண்டல மருத்துவத்தில் சுமார் மூன்று மாதப் பட்டயம் உண்டு; கை பழகிய மருத்துவருக்கு அது ஓராண்டு எம்.பி.எச்.சை விடப் பொருத்தமாக இருக்கலாம். எண்ணும் கலையைக் கற்க வேண்டுமானால், சென்னையில் தேசியத் தொற்றுநோயியல் நிறுவனத்தில் களப்பணியை மையமாகக் கொண்ட இரண்டாண்டு எம்.பி.எச். இருக்கிறது, திருவனந்தபுரத்தில் பொதுச் சுகாதாரம் கற்பிக்கும் அச்சுத மேனன் மையம் இருக்கிறது. அமெரிக்கக் கதவும் அப்போது மூடியிருக்காது. கலிஃபோர்னியாவில் யு.சி.எஸ்.எஃப். பல்கலைக்கழகம் நடத்தும் ‘ஹீல்’ என்ற ஃபெல்லோஷிப், அமெரிக்க மருத்துவர்களோடு மற்ற நாடுகளின் களங்களில் ஏற்கெனவே பணியாற்றும் உள்ளூர் மருத்துவர்களையும் இணையாகச் சேர்க்கிறது. அமெரிக்கர்களும் தங்கள் காலத்தில் ஒரு பகுதியை நவஹோ பழங்குடியினர் பகுதி போன்ற உள்நாட்டு இடங்களில் கழிக்கிறார்கள். தமக்குப் பக்கத்தில் இருக்கும் ஏழ்மையைப் பார்க்காமல் கடல் கடப்பது அபத்தம் என்று அவர்களுக்கும் தோன்றியிருக்கிறது.

நீட் பி.ஜி.க்குப் படிக்கும் நேரத்தில் கூடுதல் வேலை தருகிறேன் என்று கோபிக்க வேண்டாம். வாரத்துக்கு ஒரு மணி நேரம் போதும். கடந்த இரண்டு ஆண்டுகளின் ஓ.பி. பதிவேட்டில் ஆவணி முதல் தை வரை, ஐந்து நாளுக்கு மேற்பட்ட காய்ச்சல் என்று எழுதிய வரிகளை எண்ணுங்கள், ஆண் எத்தனை, பெண் எத்தனை என்று பிரித்து. மருந்தாளுநரின் இருப்புப் பதிவேட்டில் அதே மாதங்களில் டாக்சிசைக்ளின் எவ்வளவு வெளியே போயிற்று என்று பாருங்கள். ‘ஏழாம் நாள்’ என்று உங்கள் கடிதத்தில் எழுதியிருக்கிறீர்களே, அந்தப் பெண் முதல் முறை வந்தபோது அது எத்தனையாம் நாள் என்பதையும் சீட்டைத் தேடிக் குறித்து வையுங்கள்.

அத்துடன், அந்தப் பரிசோதனை மேசை மேலுள்ள பதிவேடுகளை அலமாரிக்கு மாற்றிவிட்டு, நோயாளர் நலச் சங்க நிதியிலிருந்து ஒரு திரைச்சீலைக்கு வட்டார மருத்துவ அலுவலரிடம் அனுமதி கேளுங்கள். கம்பி ஏற்கெனவே இருக்கும்; வளையங்களும் நாலைந்து மீட்டர் துணியும்தான் தேவை, குடியாத்தத்துக்காரருக்குத் துணிக்கு வழி சொல்ல வேண்டியதில்லை. திரையைத் தொங்கவிட்ட அன்று, ஓ.பி. பதிவேட்டின் ஓரத்தில் அந்தத் தேதியைச் சிவப்பு மையில் எழுதிவிடுங்கள். நாளைக்கு முன்னும் பின்னும் ஒப்பிட உட்காரும்போது அந்தத் தேதியைத்தான் முதலில் தேடுவீர்கள்.